டெக்சாஸுக்குப் புதிதாக வருபவர்களுக்கு: பழைய வழக்கும் வீட்டுத் துப்பாக்கியும்

சோஷியல் செக்யூரிட்டி நம்பர், டிரைவிங் லைசென்ஸ், பேங்க் அக்கவுண்ட் எல்லாம் ஆபீஸில் கூட இருப்பவர்களே சொல்லித் தந்துவிடுவார்கள். துப்பாக்கி பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) மாதிரி விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. டீம் ஆட்கள் ஷூட்டிங் ரேஞ்சுக்குக் கூப்பிட்டால் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள். கிரீன் கார்டு வந்தபின் வாங்கலாம், ஆனால் ஃபெலனி, அதாவது கடுமையான வகைக் குற்றத்துக்குத் தண்டனை இருந்தால் அப்போதும் முடியாது. என் நண்பர் மாட்டியது இங்கேதான்.

அவர்மேல் பண விவகாரத்தில் ஒரு வழக்கு. வக்கீல் பேச்சைக் கேட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டார், தண்டனை ப்ரொபேஷனோடு (ஜெயிலுக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் வைப்பது) போனது, ஒரு நாள்கூட ஜெயிலில் இல்லை. ஊரில் என்றால் அபராதம் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சாச்சு என்று இருப்போம். இங்கே ஃபெடரல் சட்டம் (நாடு முழுவதுக்குமான மத்திய அரசு சட்டம்) உங்களுக்கு என்ன தண்டனை கிடைத்தது என்று பார்ப்பதில்லை. அந்தக் குற்றத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் சிறை கொடுக்க இடமிருந்தாலே பொதுவாகத் தடைதான், அதற்குக் காலக்கெடுவும் கிடையாது. டெக்சாஸில் 2,500 டாலர் திருட்டே ஃபெலனி. மனைவியை அடித்ததாகத் தண்டனை வந்தால், அது ஃபெலனி அளவுக்குப் போகாவிட்டாலும், 1996 சட்டப்படி தடை உண்டு.

இதற்கு நடுவில் எனக்கு எரிச்சல் மூட்டும் விஷயம் ஒன்று. தண்டனைக் காலம் முடிந்து ஐந்து வருடம் ஆனால் சொந்த வீட்டுக்குள் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. ஃபெடரல் சட்டத்துக்கு அது பொருட்டே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் முதல் பாதியை மட்டும் சொன்னார், நண்பரும் நம்பிவிட்டார். தங்கம் இருக்கும் என்று நம் ஆட்களின் வீடுகளையே குறிவைத்துத் திருடுகிறார்களே, அந்தப் பயத்தில் குடியுரிமை வாங்கிவிட்ட அவர் மனைவி தன் பெயரில், செக்கிங் எல்லாம் பாஸாகி, முறையாக ஒன்று வாங்கி பெட்ரூம் அலமாரியில் வைத்தார். பிறகு ஒருநாள் வீட்டில் திருட்டு நடந்து, புகாரை விசாரிக்க வந்த போலீஸ் கண்ணில் அது பட்டது.

யார் பெயரில் இருக்கிறது என்பது கேள்வியே இல்லை. அது அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியும், எடுக்கவும் முடியும் என்றால் நீங்கள் வைத்திருந்ததாகவே வழக்குப் போடலாம். தோட்டா ஒன்று போதும். 2022-இல் உச்ச தண்டனையை 10 வருடத்திலிருந்து 15 ஆக்கிவிட்டார்கள், நாடு கடத்தவும் இந்த வழக்கு ஒன்றே காரணமாகலாம். “அவன் அதைத் தொடக்கூட இல்லையே தம்பி, எதுக்குக் கேஸு?” என்று காரைக்குடியிலிருந்து அவர் அம்மா போனில் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தும் ஆபத்து உண்டா என்று வக்கீல் சொல்லியாக வேண்டும், 2010-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. துப்பாக்கித் தடையை அவராகச் சொல்வார் என்று இருக்காதீர்கள், கையெழுத்துக்கு முன் நீங்களே கேளுங்கள். ஏற்கெனவே தண்டனை இருக்கிறதா? அப்படியானால் மனைவியின் துப்பாக்கி உங்கள் வீட்டில் வேண்டாம், அவர் அண்ணன் வீட்டில் இருக்கட்டும்.