ஊர்க் கண்மாய்ப் பறவைகளை இ-பேர்டில் பதிவது எப்படி?

மேலூர் வட்டாரத்தில் உள்ள எங்கள் ஊர்க் கண்மாயின் பறவைகளை மூன்று ஆண்டுகளாக இ-பேர்டில் பதிந்து வருகிறேன். வேடந்தாங்கலுக்கும் வேட்டங்குடிக்கும் பட்டியலிடப் பலர் செல்கிறார்கள். பக்கத்து ஊர்க் கண்மாயையும் தோப்பையும் கவனிப்பவர் குறைவு. எனவே, புதிதாகத் தொடங்குபவர்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இ-பேர்ட் என்பது கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002 முதல் நடத்திவரும் இலவசத் தளம். அதன் செயலியைக் கைப்பேசியில் நிறுவிக் கணக்குத் தொடங்குங்கள். நம் பகுதிக்குரிய பறவைப் பட்டியலை வீட்டில் இருக்கும்போதே தரவிறக்கிக்கொள்வது நல்லது. கண்மாய்க் கரையில் இணையம் கிடைக்காவிட்டாலும் செயலி வேலை செய்யும். பட்டியலைப் பிறகு அனுப்பிக்கொள்ளலாம்.

கரையில் ஏறியதும் புதிய பட்டியலைத் தொடங்குங்கள். நேரத்தையும் நீங்கள் நடக்கும் வழியையும் செயலியே குறித்துக்கொள்ளும். பட்டியலுக்குக் குறைந்தது பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். இடத்தைக் குறிக்கும்போது, அந்தக் கண்மாய் ஏற்கெனவே பொது இடமாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது எண்ணிக்கை. பறவையின் பெயரோடு எத்தனை என்பதையும் எழுத வேண்டும். எண்ணவே இயலாதபோது 'எக்ஸ்' என்று இடலாம் என்றாலும், தோராயமான எண்ணே அதைவிடப் பயன்படும். மார்கழிக் காலையில் எங்கள் கரையோர மின்கம்பியில் தகைவிலான்கள் நெருக்கமாக அமர்ந்திருக்கும். முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை கம்பியில் எவ்வளவு நீளத்தை அடைக்கின்றன என்று பார்த்துக்கொள்வேன். பிறகு அதே நீளம் அடுத்த கம்பம் வரை எத்தனை முறை வருகிறது என்று கணக்கிடுவேன். நத்தைகுத்தி நாரைகள் கூட்டமாக இறங்கும்போதும் இதே முறைதான்.

பட்டியலை முடிக்கும்போது, அடையாளம் கண்ட பறவைகள் அனைத்தையும் பதிந்துவிட்டீர்களா என்று செயலி கேட்கும். நான் தவறிய இடம் இதுதான். முதல் நான்கு மாதங்கள் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை போன்ற பெரிய பறவைகளை மட்டும் எழுதிவிட்டு, எழுத நினைத்ததையெல்லாம் எழுதியாயிற்று என்ற எண்ணத்தில் 'ஆம்' என்று விடையளித்து வந்தேன். 'ஆம்' என்று சொன்னால் அது முழுமையான பட்டியலாகிவிடும்; அதில் ஒரு பறவையின் பெயர் இல்லையென்றால், அந்த நேரத்தில் அங்கே அது தென்படவில்லை என்றே பொருள் கொள்ளப்படும். ஆகவே, என் பட்டியல்களின்படி எங்கள் கண்மாயில் காகமும் இல்லை, மைனாவும் இல்லை, தவிட்டுக்குருவியும் இல்லை. இது தெரிந்தபின் இணையதளத்தில் பழைய பட்டியல்களை ஒவ்வொன்றாகத் திறந்து அந்த விடையை 'இல்லை' என்று மாற்றினேன். உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் தயங்காமல் திருத்திவிடுங்கள்.

நூறு முழுமையான பட்டியல்களில் எத்தனையில் ஒரு பறவை இடம்பெறுகிறது என்பதை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுத்தான் அது பெருகுகிறதா குறைகிறதா என்று ஆய்வாளர்கள் அறிகிறார்கள். 942 பறவையினங்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, இ-பேர்டில் குவிந்த இத்தகைய பதிவுகளைக் கொண்டே எழுதப்பட்டது. மயிலும் குயிலும் பெருகிவருவதையும், நாம் சிறுவயதில் மின்கம்பிதோறும் கண்ட பனங்காடை குறைந்துவருவதையும் அது காட்டியது. பனங்காடை எளிதாகக் காணக்கூடிய பறவைதானே என்று அதை எழுதாமல் எல்லோரும் விட்டிருந்தால், அது குறைவது எவருக்கும் தெரிந்திருக்காது. காகத்தையும் எழுதுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே.

கருவிகளைப் பொறுத்தவரை, தொடங்குபவர்களுக்கு எட்டு மடங்கு பெருக்கும் 8×42 இருநோக்கியே (பைனாகுலர்) ஏற்றது என்பது என் கருத்து. பத்து மடங்கு பெருக்குவதில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலி நல்ல துணை. ஆனால் அது காட்டும் பெயரை ஒரு துப்பாக மட்டும் கொண்டு, நீங்களே பார்த்தோ கேட்டோ உறுதி செய்தபின் பதியுங்கள். ஐயமான பதிவைப் பற்றித் தன்னார்வ மதிப்பாய்வாளர் மின்னஞ்சலில் விளக்கம் கேட்டால் வருந்த வேண்டாம். அந்த விசாரிப்புகளிலிருந்து நான் கற்றுக்கொண்டது அதிகம்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே விடை தருகிறேன். பெயர் தெரியாத ஒரு கதிர்க்குருவியைப் பார்த்துவிட்டால் 'ஆம்' என்று சொல்லலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகச் சொல்லலாம். அடையாளம் கண்டவற்றில் எதையும் வேண்டுமென்றே விடவில்லை என்பதே அந்த விடையின் பொருள். இன்னொருவர் தம் தோழியோடு பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டு, இருவரும் தனித்தனியே பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். அப்படிச் செய்யாமல், ஒருவர் மட்டும் அனுப்பிவிட்டு மற்றவரின் பயனர் பெயருக்கு அதைப் பகிர வேண்டும். போன வழியிலேயே திரும்பினால் தொலைவை எப்படிக் குறிப்பது என்பது மூன்றாவது கேள்வி. ஒரு வழித் தொலைவை மட்டும் எழுதுங்கள். ஒரு கிலோமீட்டர் போய் அதே கரையில் திரும்பி வந்திருந்தால், அனுப்புவதற்கு முன் தொலைவு ஒன்று என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள்.