பேண்டை விட்டுப் பாடகர் தனியாகப் போட்ட அமைதியான ஆல்பத்துக்கு விமர்சனம் எழுதுவது எப்படி?

முதலில் என் சொதப்பலைச் சொல்லிவிடுகிறேன். மார்க் ஹாலிஸ் என்ற ஆங்கிலேயப் பாடகர் 1998-ல் தன் பெயரையே தலைப்பாக வைத்துப் போட்ட ஆல்பத்தை நான் முதன்முதலாகக் கேட்டது கடலூரிலிருந்து புதுச்சேரி வரும் பஸ்ஸில். பிளே அழுத்தினேன், ஒன்றும் வரவில்லை. இயர்போன் வயர் போச்சு என்று நினைத்து வால்யூமை முழுசாக ஏற்றினேன். ரெட்டிச்சாவடி தாண்டும்போது எங்கோ தூரத்தில் பியானோ மாதிரி ஏதோ கேட்டது. அதே நேரம் டிரைவர் ஏர்ஹாரனை அழுத்தினார். அன்று ராத்திரியே "செம போர்" என்று நண்பர்களுக்கு எழுதியும் விட்டேன். அந்த முதல் பாட்டு தொடங்குவதே கிட்டத்தட்ட 20 நொடி அமைதியில்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. வயர் நன்றாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்ட ஆல்பத்துக்கு முதல் தடவை விமர்சனம் எழுத உட்காருகிறீர்கள் என்றால், இதையே உதாரணமாக வைத்துக்கொண்டு போகலாம்.

படி 1: ஃபேனை நிறுத்துங்கள்

மே மாதத்துப் புதுச்சேரியில் இதைச் சொல்பவனை அடிக்கத் தோன்றும். ஆனால் ஃபேன் ஓடினால் இந்த ஆல்பத்தில் பாதி காணாமல் போய்விடும். எனக்குச் சரிப்பட்ட நேரம் விடிகாலை 5 மணி, பால்காரர் மணியடிப்பதற்கு முன்னால். மொத்தம் 8 பாட்டு, முக்கால் மணி நேரம்தான். கடற்கரைச் சாலையில்தான் அந்நேரம் வண்டி விடமாட்டார்களே, அங்கே போய்க் கேட்கலாமே என்று நானும் நினைத்தேன். அலை விடவில்லை.

படி 2: பாடகர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள்

ஹாலிஸ் இருந்த பேண்ட் 'டாக் டாக்'. 1984-ல் 'இட்ஸ் மை லைஃப்' வந்தபோது அவர்கள் சிந்தசைசர் வைத்து ஆடவைக்கும் பாப் போட்டவர்கள். 1988-ல் 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்', 1991-ல் 'லாஃபிங் ஸ்டாக்' என்ற ஆல்பங்களில் படிப்படியாகச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1986-க்குப் பிறகு மேடை ஏறவே இல்லை. இந்த ஆல்பமும் முதலில் பேண்ட் பெயரில்தான் வருவதாக இருந்தது. ஆக, "பேண்டை விட்டதும் ஆளே மாறிவிட்டார்" என்று எழுதினால் தப்பு. 1984-லிருந்து நேராக இங்கே குதிப்பவருக்குத்தான் அதிர்ச்சி. 1991 வழியாக வருபவருக்கு இது அடுத்த வாசல்.

படி 3: இல்லாததை எண்ணாதீர்கள், இருப்பதைக் குறியுங்கள்

எனக்கு நிறைய நாள் பிடிபடாதது இதுதான். பீட் இல்லை, கோரஸ் இல்லை, சோலோ இல்லை என்று அடுக்கினால் பக்கம் நிரம்பிவிடும், படிப்பவருக்குக் கையில் ஒன்றும் கிடைக்காது. நானே டிரம்ஸ் கிடையாது என்று எழுதியிருந்தேன். இரண்டாவது பாட்டிலேயே இருக்கிறது! துணி மேல் விரலால் தட்டுவது போல அவ்வளவு மெதுவாக.

நோட்டில் நேரத்தை எழுதி, பக்கத்தில் காதில் விழுந்ததை மட்டும் எழுதுங்கள். என் பக்கம் இப்படி இருந்தது:

முதல் பாட்டு, 0:00 – வாத்தியம் எதுவும் இல்லை, மிக மெல்லிய இரைச்சல் மட்டும்.
0:20 பக்கம் – பியானோ. தனியாக.
பிறகு குரல். வாயருகே காது வைத்தது போல. வேறு வாத்தியம் எதுவும் வரவே இல்லை.

ஆல்பத்தைப் பெரும்பாலும் இரண்டே மைக் வைத்து, மின்சார வாத்தியம் எதுவும் சேர்க்காமல் பதிந்தார்கள். கிளாரினெட் தூரத்தில் கேட்கிறது என்றால் வாசித்தவர் உண்மையிலேயே தள்ளி உட்கார்ந்திருக்கிறார். கச்சேரியில் ஒரே மைக்தான் என்றால் தவிலைத் தள்ளி உட்காரவைத்துத்தானே ஆக வேண்டும், அதே கணக்கு. இது தெரிந்த பிறகு நோட்டில் "மெல்லிசை" என்று எழுதக் கை வராது. யார் கிட்டே, யார் எட்டே என்று எழுதத் தோன்றும்.

படி 4: ஒரு பாட்டையாவது தோண்டுங்கள்

ஐந்தாவது பாட்டின் தலைப்பு 'எ லைஃப் (1895–1915)'. 8 நிமிடம். முதல் உலகப் போரில் 20 வயதில் செத்துப்போன ரோலண்ட் லைட்டன் என்ற ஆங்கிலேய இளைஞனை மனதில் வைத்து எழுதியது. இது தெரியாமல் கேட்டால் இழுவை. தெரிந்து கேட்ட மறுநாள் நான் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னத்துக்கு எதிரே நின்றேன். இங்கிருந்து போய் அதே போரில் இறந்தவர்களுக்காக வைத்தது. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14-ல் விளக்குப் போடும்போது எட்டிப் பார்ப்போம், மற்ற நாளில் அதன் முன்னால் செல்ஃபி. விமர்சனத்தில் இது வேண்டுமா என்று கேட்டால், ஒரு வரி போதும். மூன்று வரி எழுதினால் உங்களைப் பற்றிய கட்டுரை ஆகிவிடும்.

படி 5: பிறகுதான் மற்றவர்கள் எழுதியதைப் படிக்க வேண்டும்

படிக்கும்போது தேதியைப் பாருங்கள். ஹாலிஸ் இதற்குப் பிறகு இன்னொரு ஆல்பம் போடவே இல்லை. 2019 பிப்ரவரியில் இறந்தார். அதற்குப் பின் வந்த பாராட்டில் அஞ்சலியும் கலந்திருக்கும். பொய் என்று சொல்லவில்லை, கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். 1998-ல் எழுதியவருக்கோ இதுதான் கடைசி என்று தெரியாது.

படி 6: எழுதுங்கள்

என் முதல் வரி: "மனதை உருக்கும், ஆன்மாவைத் தொடும் இசை." இதை எந்த ஆல்பத்துக்கும் ஒட்டலாம், ஊதுபத்தி விளம்பரத்துக்கும் ஒட்டலாம். மாற்றியது: "ஒரு சுரத்தைத் தொட்டுவிட்டு, அது அடங்கும் வரை பியானோ அடுத்ததற்கு அவசரப்படுவதில்லை."

குறையையும் இதே மாதிரி எழுதுங்கள். என் குறை, வார்த்தை புரியவில்லை என்பது. வரிகள் உதட்டைத் தாண்டுவதற்குள் கரைந்துவிடுகின்றன; பாடல் தாளை எடுத்துப் பார்க்காமல் எனக்குப் பாதி பிடிபடவில்லை. பத்துத் தடவை கேட்டும் இதை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

ஸ்டார் போடும் பழக்கம் இருந்தால் அதை ஒரு வாரம் கழித்துப் போடுங்கள். இன்னொன்று, கடைசிப் பாட்டு ஓய்ந்த பிறகும் ஒரு நிமிடத்துக்கு மேல் வெறும் அமைதி ஓடும். முடிந்துவிட்டது என்று ஹெட்போனைக் கழற்றி, ஃபேனைப் போட்டுவிடாதீர்கள்.