மெக்னீசியம் மாதிரியில் ஹெபாரின் பூச்சு அமைக்கும் முறை

உடலுக்குள் கரையும் மெக்னீசியம் உள்வைப்பு இரத்தத்தைக் கெடுப்பதற்கு முதற்காரணம் அது கரையும் வேகம். ஒரு கிராம் மெக்னீசியம் முழுவதும் தண்ணீரோடு வினைபுரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் ஹைட்ரஜன் வெளியேறும்; கூடவே சுற்றியுள்ள திரவத்தின் காரத்தன்மையும் ஏறும். அந்தக் காரத்தில்தான் சிவப்பணுக்கள் சிதைகின்றன. ஆகவே முதலில் அரிப்பை அடக்கி, அதன் பிறகே இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரினைப் பூச வேண்டும். கீழே உள்ளது ஆய்வக மாதிரிகளுக்கான முறை மட்டுமே.

அலுமினியம் கலந்த ஏஇசட்31 என்ற மெக்னீசியக் கலவையைவிட, அலுமினியம் இல்லாத டபிள்யூஇ43 கலவையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அந்தக் கலவைத் தகட்டை 400 முதல் 2000 வரை எண்ணிட்ட உப்புத்தாள்களில் படிப்படியாகத் தேய்த்து, எத்தனாலில் கழுவி, உடனே உலர்த்த வேண்டும். தேய்த்த தூள் எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் உலர்ந்த மணல் இருக்கட்டும். அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

அடுத்து, தகட்டை 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 60 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் ஊற வைத்தால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு படலம் உருவாகும். ஹைட்ரோபுளோரிக் அமிலமும் நல்ல புளோரைடு படலத்தைத் தரும். ஆனால் தோலில் பட்டால் எலும்புவரை ஊடுருவக்கூடிய அந்த அமிலத்தை மாணவர் ஆய்வகத்தில் நான் அனுமதிப்பதில்லை.

பிறகு பிஎச் 8.5 உள்ள ட்ரிஸ் கரைசலில் (பிஎச் அளவை மாறாமல் வைத்திருக்கும் தாங்கல் கரைசல்) மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் டோபமைன் கலந்து, தகட்டை அதில் மூழ்க வைத்தால், சில மணி நேரத்தில் பழுப்பு நிறப் பாலிடோபமைன் என்ற ஒட்டும் படலம் படியும். அதன் மேல் நேர்மின்னூட்டம் கொண்ட பாலிஎத்திலீன்இமைனையும் எதிர்மின்னூட்டம் கொண்ட ஹெபாரினையும், ஒவ்வொன்றிலும் பத்து நிமிடமாக, ஐந்து முறை மாற்றி மாற்றிப் பூச வேண்டும். இடையிடையே கழுவுவதை விட்டுவிடக் கூடாது. நேர்மின் அடுக்குக்குக் கைட்டோசானைப் பலர் நாடுகிறார்கள். அதைக் கரைக்க அசிட்டிக் அமிலம் வேண்டும், அந்த அமிலமோ நாம் கட்டிய படலத்தையே தின்றுவிடும். ஹெபாரின் படிந்திருப்பதை டொலுய்டின் நீலம் என்ற சாயம் ஊதா நிறமாக மாறுவதைக் கொண்டு அறியலாம்.

சோதனைக்கு முன் தகட்டை உப்புநீரில் இட்டு, விளக்கொளியில் உற்றுப் பாருங்கள். தகட்டைத் தொங்கவிடத் துளையிட்ட ஓட்டையின் விளிம்பிலிருந்து நூல் போலக் குமிழ்கள் எழுந்தால், அங்கே பூச்சு விட்டுப்போயிருக்கிறது. அத்தகைய தகட்டை ஒதுக்கிவிட வேண்டும்.

சிவப்பணுச் சிதைவுச் சோதனைக்கும் பிளேட்லெட் (இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு) சோதனைக்கும், உறையாமல் இருக்கச் சிட்ரேட் கலந்த இரத்தத்தையே பயன்படுத்த வேண்டும். ஹெபாரின் குழாயில் எடுத்த இரத்தத்தைப் பிளேட்லெட் சோதனைக்கு வைத்தால், பூச்சின் பயனையும் குழாயின் பயனையும் பிரித்தறிய முடியாது. சிதைவுச் சோதனைக்குத் தகட்டை இரத்தத்தோடு 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, சுழற்றிப் பிரித்து, மேல்திரவம் ஒளியை உறிஞ்சும் அளவை 545 நானோமீட்டரில் அளக்க வேண்டும். உப்புநீரைச் சுழியமாகவும் வாலை வடிநீரை நூறாகவும் கொண்டு சதவீதத்தைக் கணக்கிடலாம். ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் எஃப்756 தரத்தின்படி 5 சதவீதத்தைத் தாண்டினால் மாதிரி தோல்வி. 2 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் சிதைவு விளைவிக்காதது எனக் கொள்ளலாம். அளந்து முடித்ததும் அதே திரவத்தின் பிஎச் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். சிதைவு கூடிய மாதிரிகளில் அது ஏறியிருந்தால், ஹெபாரின் அடுக்கைத் திருத்துவதற்கு முன் அடிப்படலத்தைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.