கொடிமலையைத் தட்டையாக்கிய மாடல்

பினாங்குக் கொடிமலையில் தூசு அளந்துகொண்டிருந்தேன். பகலில் எல்லைப்படலம், அதாவது தரையையொட்டிக் காற்று கலங்கும் அடுக்கு, உச்சியைத் தாண்டுகிறதா என்று பார்க்க, காற்றின் பாதையைக் கணிக்கும் ஹைஸ்ப்ளிட் என்ற கணினி மாடலை ஓட்டினேன். தொடக்க உயரம் 10 மீட்டர் என்று கொடுத்தால், காற்றுப்பாதை கடலையொட்டியே ஊர்ந்தது!

வானிலைத் தரவின் கட்டம் 1 பாகை, அதாவது ஏறத்தாழ 110 கிலோமீட்டர். அதில் 833 மீட்டர் மலையெல்லாம் தோசைக்கல் மாதிரி தட்டைதான். நான் சொன்ன 10 மீட்டர் அந்தத் தட்டைத் தரைக்கு மேலே.

சரி என்று, உயரத்தைத் தரையிலிருந்து அளப்பதா கடல்மட்டத்திலிருந்து அளப்பதா என்று சொல்லும் கேஎம்எஸ்எல் அமைப்பை 0-இலிருந்து 1-க்கு மாற்றி, கடல்மட்டத்திலிருந்து 800 மீட்டர் என்று கொடுத்தேன். பாதை ஒழுங்கானது. அப்புறம், மாடல் தரும் கலப்படல ஆழம் (எல்லைப்படலத்தின் தடிமன்) தரையிலிருந்து அளந்தது என்பதால், அதோடு மாடலின் தரையுயரத்தையும் கூட்டித்தான் உச்சியோடு ஒப்பிட்டேன். மாடல் பயன்படுத்தும் உலகப் பொது நேரமான யுடிசியில் 06 மணி என்பது மலேசியாவில் நமக்குப் பிற்பகல் 2 மணி. அதைக் காலை என்று எண்ணி ஒருநாள் வீணானது தனிக்கதை. சரிவில் ஏறும் காற்று மட்டும் இன்னும் மாடலுக்குத் தெரியவில்லை.