விந்து நீரின் அளவு குறைந்தால் காரணத்தை எங்கிருந்து தேடத் தொடங்குவது

விந்து நீர் முன்போல் வருவதில்லை என்று கவலைப்படுபவர் முதலில் செய்ய வேண்டியது, அதை முறையாக அளந்து பார்ப்பதே. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி, ஒருமுறை வெளியேறும் விந்து நீரின் கீழ் எல்லை 1.4 மில்லிலிட்டர், அதாவது கால் தேக்கரண்டியைச் சற்றே தாண்டிய அளவு. கண்மதிப்பில் மிகக் குறைவாகத் தோன்றுவதுகூடப் பெரும்பாலும் இந்த எல்லைக்கு மேலேயே இருக்கும்.

கடைசியாக விந்து வெளியேறி எத்தனை நாளாயிற்று என்பதும் முக்கியம். பரிசோதனைக்கு 2 முதல் 7 நாள் இடைவெளி தேவை. வளைகுடா நாட்டிலிருந்து ஒரு மாத விடுப்பில் தக்கலைக்கோ மார்த்தாண்டத்திற்கோ வருபவர், நாள்தோறும் உறவு கொண்டு மூன்றாம் வாரத்தில் அளவு குறைந்துவிட்டதே என்று பதறினால், அது நோயன்று. சுரப்பிகள் மீண்டும் நிரம்ப அவகாசம் கொடுக்கப்படவில்லை, அவ்வளவே.

மாதிரியைப் பரிசோதனைக் கூடத்திலேயே கொடுப்பது நல்லது. ஒரு மணி நேரத்திற்குள் சோதிக்கப்பட வேண்டிய அதை, தூத்தூர், கொல்லங்கோடு பக்கமிருந்து பேருந்தில் நாகர்கோவிலுக்குக் கொண்டு வருவது பயன் தராது. கடையில் விற்கும் சாதாரண ஆணுறையில் சேகரிக்கவும் கூடாது. ஒரு பகுதி வெளியே சிந்தியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்; அறிக்கையில் அளவு குறைவாக வருவதற்கு மிகச் சாதாரணமான காரணமே அதுதான். முதல் முடிவு குறைவாக இருந்தால், சில வாரங்கள் கழித்து இன்னொருமுறை சோதித்த பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாம் முறையும் குறைவாகவே இருந்தால், விந்து நீர் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்துகொள்வது உதவும். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விந்துப்பைகளிலும், மீதியில் பெரும்பகுதி சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியிலும் சுரக்கிறது. விதைகளிலிருந்து வருவது மிகச் சிறிய பங்கே. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவருக்கும் அளவு கண்ணுக்குத் தெரியும்படி குறையாததற்கு இதுவே காரணம். எனவே அளவு வேறு, விந்தணு எண்ணிக்கை வேறு.

மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். புராஸ்டேட் வீக்கத்திற்குத் தரப்படும் டாம்சுலோசினும், குறிப்பாகச் சிலோடோசினும், விந்து நீரை வெகுவாகக் குறைத்துவிடலாம், அறவே நிறுத்தியும் விடலாம். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். முடி உதிர்வுக்கும் புராஸ்டேட்டுக்கும் தரப்படும் ஃபினாஸ்டிரைடும் அளவைக் குறைக்கக்கூடும். ஆனால் எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தக் கூடாது. மாற்று மருந்து உண்டா என்று எழுதித் தந்தவரிடமே கேட்க வேண்டும்.

சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருப்பவர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சிறுநீர்ப்பையின் வாயை மூடும் நரம்புகள் பழுதுபட்டால், விந்து முன்னே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உச்சகட்டம் வழக்கம்போல் இருந்தும் ஓரிரு துளியே வருவதும், அதன்பின் கழிக்கும் சிறுநீர் கலங்கலாக இருப்பதும் இதன் அடையாளங்கள். புராஸ்டேட் அறுவை, முதுகுத்தண்டு அறுவை ஆகியவற்றுக்குப் பிறகும் இது நேரலாம். உச்சகட்டத்திற்குப் பின் கழித்த சிறுநீரை நுண்ணோக்கியில் பார்த்து, விந்தணுக்கள் இருக்கின்றனவா என்று உறுதி செய்வார்கள். உடலுக்கு இதனால் தீங்கில்லை. பிள்ளை வேண்டுமென்றால் மட்டுமே சிகிச்சை தேவைப்படும், தேவையானால் அந்தச் சிறுநீரிலிருந்தே விந்தணுக்களைப் பிரித்தெடுக்கவும் முடியும்.

அளவு குறைவு, அமிலத்தன்மை, விந்தணுவே இல்லாமை, ஃப்ரக்டோஸ் சர்க்கரையும் இல்லாமை ஆகிய நான்கும் அறிக்கையில் சேர்ந்து வந்தால், பாதை அடைபட்டிருக்கலாம், அல்லது விந்துக்குழாய்கள் பிறவியிலேயே உருவாகாமல் இருக்கலாம். முன்பு காசநோய் வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். அது பிறப்புறுப்புப் பாதையைத் தழும்பாக்கி அடைத்துவிடக்கூடியது. இங்கே ஆசனவாய் வழியாக எடுக்கும் ஸ்கேன் தேவைப்படும். பிறவிக் குறை என்று தெரிந்தால், குழந்தைப்பேற்றுச் சிகிச்சைக்கு முன் கணவன், மனைவி இருவருமே மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பாலுறவில் ஆர்வக் குறைவும் தாடி வளர்ச்சிக் குறைவும் சேர்ந்திருந்தால், ஆண்மைக்குரிய ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவைப் பார்க்க வேண்டும். இரத்தத்தைக் காலையில், பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும். இரவு பாதியிலேயே எழுந்து ரப்பர் பால்வெட்டப் போகிறவர், அன்று எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதையும் சொல்வது நல்லது, ஏனெனில் தூக்கக் குறைவும் அந்த அளவைத் தாழ்த்தும். குறைவு என்று தெரிந்தாலும், பிள்ளை வேண்டுபவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் தாதுபுஷ்டி விளம்பரங்களை நம்பி, சேர்மானம் அச்சிடாத லேகியத்திற்குப் பணம் கொடுப்பதைவிட, ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் சீட்டெடுத்துக் காத்திருப்பது மேல். விந்தில் இரத்தம், வெளியேறும்போது வலி, காய்ச்சலுடன் சிறுநீர் எரிச்சல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், இரண்டாம் பரிசோதனைக்குக்கூடக் காத்திராமல் உடனே போக வேண்டும்.