உப்புத் தண்ணியில் நுரைக்கும் சோப்புக்கு எந்த எண்ணெய்?

நான் முதன்முதலில் போட்ட சோப்பு முழுக்க முழுக்க ஆலிவ் எண்ணெய். வீடியோக்களில் எல்லாரும் அதைத்தான் கொண்டாடுகிறார்களே என்று காசு போட்டு வாங்கி, ஆறு வாரம் காயவைத்து, உச்சிப்புளியில் எங்கள் வீட்டு அடிபம்பில் கையை நனைத்துத் தேய்த்தால் நுரையே இல்லை. வெண்டைக்காய் மாதிரி ஒரு வழவழப்பு, விரலிடுக்கில் வெள்ளையாகக் கசடு, அவ்வளவுதான். மிச்சக் கட்டியை மழைத்தண்ணீரில் தேய்த்துப் பார்த்தேன், சுமாராக நுரைத்தது. சோப்பில் குறையில்லை, தண்ணீர்தான் வேறு. அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒன்றுதான் சொல்கிறேன்: மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம் என்று நம் கடற்கரைப் பக்கம் சோப்பு போடுகிறவர்கள் எண்ணெயைப் பார்ப்பதற்கு முன்னால் குளிக்கிற தண்ணீரைப் பாருங்கள்.

முதலில் தண்ணீர்

இரண்டு கண்ணாடி பாட்டில் எடுங்கள். ஒன்றில் பாதி அளவுக்கு உங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர். இரண்டிலும் நகக்கண் அளவு சோப்புச் சீவலைப் போட்டு இருபது தடவை குலுக்குங்கள். மழைத்தண்ணீர் பாட்டிலில் நுரை கழுத்துவரை ஏறி நிற்கும். போர் தண்ணீரில் நுரை உட்கார்ந்துபோய், திரிந்த பால் மாதிரி துணுக்குகள் மிதந்தால் உங்கள் தண்ணீர் கடினத் தண்ணீர். கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிவிடுகின்றன. அதோடு உப்பும் இருந்தால் சோப்பு கரைவதே கஷ்டம். சோப்புப் பட்டறைகளில் அண்டாவில் வெந்த சோப்பைத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுக்க உப்பைத்தானே கொட்டுவார்கள், அதே வேலைதான் நம் குளியலறையிலும் நடக்கிறது.

இதற்குத் தாக்குப்பிடிப்பது தேங்காய் எண்ணெய். அதில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். அதன் கார்பன் சங்கிலி குட்டை, அதனால் அந்தச் சோப்பு உப்பிலும் கரையும். கப்பலில் போகிறவர்கள் கடல்தண்ணீரில் குளிக்கத் தேங்காய் எண்ணெய் சோப்பைக் கொண்டுபோனது இதனால்தான்.

தேங்காய் எண்ணெய்: எவ்வளவு, எங்கே

பொதுவாகச் சொல்லப்படும் அளவு மொத்த எண்ணெயில் 25-30 சதவீதம். உவர் தண்ணீர் வீட்டுக்கு அது பத்தாது, நான் 60 போடுகிறேன். இவ்வளவு போட்டால் தோல் வறளுமே என்று கேட்பீர்கள். வறளும்தான். அதைச் சரிக்கட்டக் கொஞ்சம் எண்ணெயைக் காஸ்டிக் சோடாவோடு சேராமல் மிஞ்ச விட வேண்டும். இதற்கு சூப்பர்ஃபேட் என்று பெயர். வழக்கமாக 5 சதவீதம், நமக்கு 8-9 வரை வேண்டும்.

பெரியபட்டினம் பக்கம் தென்னந்தோப்புக்குப் பஞ்சமில்லை, அதனால் முடிந்தால் கொப்பரை கொடுத்துச் செக்கில் ஆட்டிக்கொள்ளுங்கள். நான் போகிற செக்கில் கொப்பரையைக் கொட்டியதும் அண்ணன் ஒரு துண்டை எடுத்து ஒடித்துப் பார்ப்பார். 'டக்'கென்று ஒடிந்தால் ஆட்டுவார், வளைந்தால் "இன்னும் ரெண்டு நாள் வெயில் காட்டிட்டு வாங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஈரக் கொப்பரையில் பூஞ்சை பிடித்து எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும், அந்தக் காறல் சோப்பிலும் வரும். ஆட்டிய எண்ணெயை நாலைந்து நாள் தெளியவிட்டு, அடிக்கசடு இல்லாமல் மேலாக எடுங்கள்.

கடையில் சில்லறையாக வாங்கினால் ஒரு டம்ளர் ஃபிரிட்ஜில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் முழுக்க உறையும். மேலே உறையாமல் ஓர் அடுக்கு நின்றால் கலப்படம். பாரஃபின் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில்) கலந்திருந்தால் அது சோப்பாகவே மாறாது, எண்ணெயாகக் கசியும். வாசனைத் தலை எண்ணெய்களும் வேண்டாம், சிலவற்றில் இந்த மினரல் ஆயில் இருக்கும்.

விளக்கெண்ணெய்

நுரையை நிற்க வைப்பது இது. 5 முதல் 10 சதவீதம் போதும், கூடினால் சோப்பு பிசுபிசுக்கும். ஆமணக்கு எண்ணெய்தானா என்று பார்த்து வாங்குங்கள். பூஜைக் கடையில் கிடைக்கும் தீப எண்ணெயில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் சோடா கணக்குப் போட முடியாது.

மீதி 30 சதவீதம்

ரேஷன் பாமாயில் போதும். விலை குறைவு, சோப்பும் கெட்டியாக வரும். கடலை எண்ணெய் சேர்த்தால் மிருதுவாக இருக்கும். நல்லெண்ணெய் எனக்குப் பிடிக்கும், ஆனால் 10 சதவீதத்துக்கு மேல் போனால் நாளாக ஆக ஆரஞ்சுப் புள்ளி விழுந்து காறல் வாடை வரும். வேப்பெண்ணெயும் அப்படியே கொஞ்சமாக, அதன் வாடை லேசில் போகாது. ஆட்டுக்கொழுப்பை உருக்கி வடிகட்டிப் போட்டாலும் நல்ல கெட்டிச் சோப்பு வரும், வீட்டில் சம்மதித்தால் போடுங்கள். வள்ளத்துக்குப் பூசுகிற மீன் எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறதே என்று மட்டும் போய்விடாதீர்கள். அந்த நாற்றம் போகாது, சீக்கிரம் கெட்டும் போகும்.

சோடா கணக்கு

ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஓர் எண் உண்டு. ஒரு கிராம் எண்ணெய் முழுதும் சோப்பாக எத்தனை கிராம் காஸ்டிக் சோடா வேண்டும் என்பதுதான் அது. தேங்காய் எண்ணெய்க்கு 0.183, பாமாயிலுக்கு 0.141, விளக்கெண்ணெய்க்கு 0.128. அரைக் கிலோ எண்ணெய்க்குப் பார்ப்போம்:

தேங்காய் எண்ணெய் 300 கிராம் × 0.183 = 54.9
பாமாயில் 150 கிராம் × 0.141 = 21.2
விளக்கெண்ணெய் 50 கிராம் × 0.128 = 6.4

மொத்தம் 82.5. இதில் சூப்பர்ஃபேட்டுக்காக 9 சதவீதம் குறைத்தால் 75 கிராம் சோடா, அதன் இரண்டு மடங்கு, அதாவது 150 கிராம் தண்ணீர். எண்ணெயை மாற்றினால் கணக்கை மறுபடி போடுங்கள். 150 கிராம் பாமாயிலுக்குப் பதில் அவ்வளவும் தேங்காய் எண்ணெய் என்றால் சோடா அளவு ஏறிவிடும். எல்லாமே தராசில் நிறுத்துத்தான், லிட்டர் கணக்கு ஆகாது. ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 920 கிராம்தான் இருக்கும்.

சோடா கரைக்க போர் தண்ணீர் வேண்டாம், டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். கையுறை, கண்ணாடி போட்டு, காற்றோட்டமான இடத்தில், தண்ணீரில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். எவர்சில்வர் பாத்திரம்தான், அலுமினியத்தைச் சோடா அரித்துவிடும். நம் ஊர்க் காற்றில் சோடா சீக்கிரம் ஈரம் இழுத்துக்கொள்ளும், அதனால் சட்டென்று நிறுத்துவிட்டு டப்பாவை இறுக்கி மூடுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கரைசல் வெதுவெதுப்பாக ஆறியதும் எண்ணெயில் ஊற்றி, தோசை மாவுப் பதம் வரும்வரை கலக்கி அச்சில் ஊற்றுங்கள். தேங்காய் எண்ணெய் கூடிய சோப்பு சீக்கிரம் இறுகும், அதனால் மறுநாளே வெட்டிவிடுங்கள். தள்ளிப்போட்டால் கத்தி வைத்ததும் உடையும். பிறகு நிழலில், இடைவெளி விட்டு 4 முதல் 6 வாரம். ஐப்பசி, கார்த்திகையில் போட்டால் மேலே முத்து முத்தாக வியர்க்கும். அது கெட்டுப்போனதல்ல, கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதுதான். துணியால் துடைக்காமல் மின்விசிறி ஓடும் அறைக்கு மாற்றி இன்னும் ஒரு வாரம் கூட விடுங்கள். அப்புறம் ஒரு கட்டியை எடுத்துக்கொண்டு நேராக அடிபம்புக்குப் போங்கள். நுரை போதவில்லையென்றால் அடுத்த தடவை பாமாயிலில் 50 கிராமைக் குறைத்துத் தேங்காய் எண்ணெயில் கூட்டுங்கள், சோடா 77 கிராம்.