ஏற்றத்தாழ்வு, வறுமைக் கணக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குடும்பக் கணக்கெடுப்புத் தரவுகளோடு வேலை செய்ய வரும் புதியவர்களின் அறிக்கைகளைச் சரிபார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஒவ்வொரு முறையும் புது ஆட்கள் வருகிறார்கள், ஆனால் நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே தவறுகள்தான் திரும்ப வருகின்றன. கூட்டல் பிழை, விடுபட்ட வரிசை போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை எப்படியும் பிடிபட்டுவிடும்.

வருமான ஜினியையும் நுகர்வு ஜினியையும் ஒப்பிடுவது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். ஜினி குறியீடு 0 என்றால் எல்லோருக்கும் சம பங்கு, 100 என்றால் எல்லாம் ஒருவர் கையில். சரி, எதன் பங்கு? பணக்கார நாடுகளிலும் லத்தீன் அமெரிக்காவிலும் பெரும்பாலும் குடும்பத்தின் வருமானத்தைக் கேட்கிறார்கள். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பெரும்பாலும் செலவைக் கேட்கிறார்கள். உலக வங்கியின் தரவுத்தளத்தில் இரண்டும் ஒரே நெடுவரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். எந்த நாட்டுக்கு எது என்று பார்க்க அடிக்குறிப்பைத் திறக்க வேண்டும். அதைத்தான் யாரும் திறப்பதில்லை.

இதனால் என்ன ஆகும்? ஒரு குடும்பத்தின் வருமானம் 100, கடன் வாங்கி 110 செலவு செய்கிறது. இன்னொன்றின் வருமானம் 1000, ஆனால் 550தான் செலவு, மீதி சேமிப்பு. வருமானத்தில் இடைவெளி பத்து மடங்கு, செலவில் ஐந்தே மடங்கு. குடும்பங்கள் அவைதான், இடைவெளி மட்டும் பாதியாகிவிட்டது. ஏழையின் கடனும் பணக்காரரின் சேமிப்பும் நுகர்வுக் கணக்கில் தெரிவதில்லை. போதாததற்கு, மிகப் பெரிய பணக்காரர்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் சரியாகச் சிக்குவதில்லை.

2025 ஜூலையில் நடந்தது நல்ல உதாரணம். 2022-23க்கான இந்தியாவின் ஜினி 25.5 என்ற எண்ணை வைத்து, உலகிலேயே நான்காவது சமத்துவமான நாடு இந்தியா என்று செய்தி பரவியது. பக்கத்திலேயே அமெரிக்காவுக்கு 41.8 என்று போட்டிருந்தார்கள். இந்தியாவின் எண் நுகர்வு, அமெரிக்காவின் எண் வருமானம். அந்த 25.5 இடம்பெற்ற உலக வங்கியின் குறிப்பிலேயே, இந்தியாவின் வருமான ஜினி 2004இல் 52 ஆக இருந்து 2023இல் 62 ஆக உயர்ந்ததாக உலக ஏற்றத்தாழ்வுத் தரவுத்தளம் மதிப்பிடுவதும் இருந்தது. உடனே 62ஐயும் 41.8ஐயும் ஒப்பிடக் கிளம்பாதீர்கள். 62 என்பது வரிக்கு முந்தைய வருமானம், கணக்கிட்ட முறையும் வேறு.

அதன் பிறகு என்னிடம் வந்த ஓர் அறிக்கையில் அதே தரவரிசை அப்படியே இருந்தது. அதன் மேல் ஓர் அத்தியாயமே எழுதி, ஏழைகளுக்கான நேரடிப் பண உதவியைக் குறைக்கலாம் என்ற பரிந்துரையோடு முடித்திருந்தார்கள். அடிக்குறிப்பைக் காட்டினேன். அத்தியாயம் முழுவதையும் தூக்க வேண்டி வந்தது. அது யார் கண்ணிலும் படாமல் போயிருந்தால், உண்மையான குடும்பங்களுக்குப் போகும் பணம் குறைந்திருக்கும். அதனால்தான் இதைச் சின்னப் பிழை என்று என்னால் விட முடிவதில்லை.

சராசரி வருமானத்தை நம்புவது

ஒரு சில பெரும் பணக்காரர்களே சராசரியை மேலே தூக்கிவிடுவார்கள். இடைநிலை வருமானத்தைப் பாருங்கள், அதாவது எல்லோரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானத்தை.

வறுமைக் கோட்டின் டாலரைச் சந்தை விலையில் மாற்றுவது

அது வாங்கும் திறன் சமநிலை டாலர், அதாவது ஒவ்வொரு நாட்டிலும் அந்தப் பணத்துக்கு எவ்வளவு பொருள் கிடைக்கும் என்பதைச் சமப்படுத்திக் கணக்கிட்ட டாலர். வங்கியில் மாற்றும் டாலர் அல்ல.

கோடு நகர்ந்ததை மறப்பது

2025 ஜூனில் உலக வங்கி, கடும் வறுமைக்கான கோட்டை நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்த்தியது. முன்னது 2017ஆம் ஆண்டு விலையில், பின்னது 2021ஆம் ஆண்டு விலையில். பழைய அறிக்கையிலிருந்து ஓர் எண், புதிய அறிக்கையிலிருந்து ஓர் எண் என்று எடுத்து வரைபடம் வரைந்தால் வறுமை திடீரென்று எகிறியது போலத் தெரியும். பழைய ஆண்டுகளுக்கும் புதிய கோட்டில் திரும்பக் கணக்கிட்ட வரிசை கிடைக்கிறது, அதை எடுங்கள்.

வறுமை குறைந்தால் ஏற்றத்தாழ்வும் குறையும் என்று நினைப்பது

சீனாவில் 1980களிலிருந்து 2000களின் நடுப்பகுதி வரை வறுமை வேகமாகச் சரிந்தது. அதே காலத்தில் ஏற்றத்தாழ்வு ஏறியது.

தலைகளை மட்டும் எண்ணுவது

கோட்டுக்குக் கீழே எத்தனை பேர் என்ற கணக்கில், கோட்டை ஒட்டி நிற்பவரும் அடியில் கிடப்பவரும் ஒன்றுதான். பரம ஏழையின் வருமானம் இன்னும் பாதியாகக் குறைந்தாலும் இந்த விகிதம் அசையாது. அமர்த்தியா சென் 1976இலேயே இதைச் சுட்டிக்காட்டினார். 1984இல் பொருளாதார அறிஞர்கள் ஃபாஸ்டர், கிரீர், தோர்பெக் மூவரும் கொடுத்த அளவீட்டில், கோட்டிலிருந்து ஒருவர் எவ்வளவு கீழே இருக்கிறார் என்பதை வர்க்கப்படுத்திச் சேர்க்கும் வழி இருக்கிறது, அதனால் அடியில் இருப்பவருக்குக் கணக்கில் கூடுதல் எடை கிடைக்கும். தலைக்கணக்கு மட்டுமே இலக்கு என்றால், கோட்டை ஒட்டி நிற்பவர்களைத் தூக்கிவிட்டு நல்ல எண் காட்டிவிடலாம், அப்புறம் அடியில் இருப்பவர்களுக்கு ஒன்றும் போய்ச் சேராது. அறிக்கையில் தலைக்கணக்குக்குப் பக்கத்தில் வறுமை இடைவெளியையும், அதாவது ஏழைகள் கோட்டுக்கு எவ்வளவு கீழே இருக்கிறார்கள் என்ற அளவையும் போடுங்கள். இரண்டும் எதிரெதிராக நகர்ந்தால், எந்தக் குழுவால் அப்படி ஆனது என்று பார்க்காமல் அறிக்கையை அனுப்பாதீர்கள்.